வளைகாப்புச் சோறு

ஒரு விடுகதை போடுகிறேன், விடை தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடாமல் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருங்கள். முட்டை உண்டு, ஆனால் இடாது. அடைகாக்கும், ஆனால் சிறகு கிடையாது. குட்டி போடும், ஆனால் பால் கொடுக்காது. கூடு கட்டத் தெரியாது, அதுவேதான் கூடு. உடம்பில் சொந்தச் சூடு இல்லை, இருக்கிற இடத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அது என்ன?

இந்த விடுகதையைக் கொளத்தூரில் ரெட்டேரிக்குப் பின்னால் இருக்கும் தொட்டித் தெருவில் போட்டால், பல் முளைக்காத பிள்ளைகளைத் தவிர எல்லோரும் மோலி என்று சொல்லிவிடுவார்கள். மோலி என்பது விரல் நீளமுள்ள கறுப்பு மீன், முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பொரித்துக் குட்டியாக வெளியே விடும். அந்தத் தெருவின் பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. இருபத்தெட்டு வீடுகளிலும் மாடியில், கொல்லையில், மாடிப்படிக்கு அடியில், குளியலறைக்குப் போகும் வழியில் என்று சிமென்ட் தொட்டிகள் இருப்பதாலும், அந்தத் தொட்டிகளில் மோலியும் கப்பியும் ஃபைட்டரும் வளர்த்துத்தான் அந்த வீடுகளில் உலை கொதிப்பதாலும் அது தொட்டித் தெரு. மோலி என்ற விடை தவறில்லை. ஆனால் அதே விடுகதைக்கு இன்னொரு விடையும் உண்டு, அந்த விடை தணிகாசலம் வீட்டு முன்னறையில் ஆறடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. இரண்டு விடையும் ஒன்றுதான் என்று தணிகாசலம் நினைத்தார். கதை அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டிக்குள் இருந்தவள் பெயர் ராசாத்தி. அவள் ஒரு போவா. பார்க்கிறவர்கள் மலைப்பாம்பு என்பார்கள், ஆனால் மலைப்பாம்பு முட்டையிடும், போவா குட்டி போடும். அவள் காட்டைப் பார்த்ததில்லை, அவளைப் பெற்றவளும் பார்த்ததில்லை, இருவரும் பெட்டியில் பிறந்தவர்கள். தணிகாசலத்தின் மகள் மோனிஷா யு.கே.ஜி. படித்த வருஷம் ஒரு முழ நீளத்தில் வந்து, மோனிஷாவுக்குப் பத்து வயதானபோது தானும் ஏழடியாகி, அந்தச் சிறுமியின் தோளில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் காதுக்குப் பின்னால் தலையை வைத்துத் தூங்குகிற அளவுக்கு வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். மோலிகளுக்குக் காலையும் மாலையும் தீனி போட்டுப் பழகிய தணிகாசலம் அவளுக்கும் கை ஓயாமல் எலி போட்டார், அவளும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் விழுங்கி நடுவில் தடித்துவிட்டாள். அப்புறம் தாம்பரத்திலிருந்து ஒருவர் தலையணை உறைக்குள் ஓர் ஆண் போவாவைக் கொண்டுவந்து பதினைந்து நாள் விட்டுவிட்டு எடுத்துப்போனார். எடுத்துப்போன நாளைத் தணிகாசலம் காலண்டரில் வட்டம் போட்டு அதிலிருந்து எண்ணத் தொடங்கினார். இரண்டு மாதம் கழித்து ராசாத்தி சட்டை உரித்தாள், மோனிஷா அந்தச் சட்டையைக் கிழியாமல் எடுத்துக் காகிதத்தில் ஒட்டி, ஓரத்தில் தேதி எழுதிப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டாள். எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

முதலில் உயிரோடு வருகிற குட்டி உனக்கு என்று தணிகாசலம் மகளிடம் சொல்லியிருந்தார்.

வட்டம் போட்ட நாளிலிருந்து நூற்று இருபதாம் நாள், கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள் காலை, அவர் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கழுவி முன்னறைக்குக் கொண்டுவந்தார்.

"ப்பா, அவ பல்புக்கு அடியில வயித்த மேல திருப்பிப் போட்டுப் படுத்திருக்கா. சூடு வேணும்கறா."

"எத்தினி நாள்தான் படுத்துக்கினே இருப்பா? நாள் தாண்டிப்போச்சு. மோலிக்கு வயிறு சதுரமாயிட்டா இன்னா பண்ணுவோம், சொல்லு."

"புதுத் தொட்டிக்கு மாத்துவோம்."

"அப்புறம்?"

"மூணுல ஒரு பங்கு போர் தண்ணி. பச்சையா."

"ஏன்?"

"புதுத் தண்ணி பட்டா மழை வந்துடுச்சின்னு நெனச்சிக் குட்டி போட்டுடும்."

"அவ்ளோதான். இவ பெரிய மோலி. தலையைப் புடி."

மோனிஷா தலையைப் பிடித்துக்கொண்டாள், தணிகாசலம் நூற்று ஐம்பது அடி ஆழத்திலிருந்து வந்த தண்ணீரை, எந்த மோலியையும் பயமுறுத்தாத அளவு மெதுவாகக் குவளை குவளையாக ஊற்றினார். அவர் தெருவிலேயே நல்ல கைராசிக்காரர், அவர் கையில் செத்த மீன் குறைவு. அவ்வளவு அன்போடுதான் ஊற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை தொட்டியில் பதினேழு கட்டிகள் கிடந்தன, மஞ்சள் மெழுகை உருட்டி வைத்தது போல, கருவே பிடிக்காதவை. அவற்றோடு ஐந்து குட்டிகள், கண் மட்டும் பெரிதாக, கண்ணாடி போன்ற தோலுக்குள் சுருண்டு, எண்ணெய்த் தாளில் மடித்த ஜாதி மல்லி போல அசையாமல் கிடந்தன. ராசாத்தி அதோடு நின்றுவிட்டாள். வயிற்றின் பின்பகுதியில் இன்னும் மேடு இருந்தது, ஆனால் அவள் முக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

பிராணிகள் மருத்துவர் ஹெப்சிபா மாதவரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். பெரிய கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். மோனிஷாவின் பையிலிருந்து வந்த சட்டையையும் அதன் ஓரத்திலிருந்த தேதியையும் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"ஆண் போன நாள்லேர்ந்து எண்ணக்கூடாது தணிகாசலம். சட்டை உரிச்ச நாள்லேர்ந்து நூத்தி அஞ்சு நாள். இன்னிக்கு அறுபத்தி ஆறுதான். இன்னும் முப்பத்தொம்பது நாள் இருந்துச்சு."

தணிகாசலம் காலண்டரில் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தார்.

மருத்துவர் கையோடு கொண்டுவந்த சின்ன ஸ்கேன் கருவியை ராசாத்தியின் வயிற்றில் வைத்து ஓரங்குலம் ஓரங்குலமாக நகர்த்தினார். பிறகு மோனிஷாவின் இடது கையை எடுத்து ஓர் இடத்தில் வைத்தார். ராசாத்தியின் உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது, அந்த ஓர் இடம் மட்டும், ஒரு சிறுமியின் உள்ளங்கை அகலத்துக்கு, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் மூடி போலச் சூடாக இருந்தது. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவள் கையை மெல்லத் தள்ளியது.

"ஒண்ணு இருக்கு," என்றார் மருத்துவர். "செத்ததுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு இருக்கு."

"வெட்டி எடுத்துடுங்க டாக்டர்," என்றார் தணிகாசலம்.

"இந்தக் குளிர்ல மயக்க மருந்து குடுத்தா எழுந்திருக்க மாட்டா. எடுத்தாலும் அது இன்னும் முழுசா ஆகலை. சூடு குடுங்க. முப்பத்தொம்பது நாள். வேற வழி இல்லை."

சூடு கொடுத்தார்கள். நூறு வாட் பல்பு, மீன் தொட்டி ஹீட்டர், வெந்நீர்ப் பை, மனைவி அமுதவல்லியின் பழைய கம்பளி என்று எல்லாம் கொடுத்தார்கள், எதைக் கொடுத்தாலும் ராசாத்தியின் தோல் இருபத்திரண்டு டிகிரியிலேயே நின்றது. பல்பு ஆறியது. வெந்நீர்ப் பை ஐந்து நிமிடத்தில் பச்சைத்தண்ணீர்ப் பையானது. மூன்றாம் நாள் காலை அமுதவல்லி தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தபோது எண்ணெய் வரவில்லை. அது உறைந்து வெள்ளையாகியிருந்தது, மே மாதத்தில், சென்னையில்.

"ஏங்க, இங்க பாருங்க," என்று அவள் கூப்பிட்டாள், பக்கத்து வீட்டிலும் அதே சமயத்தில் யாரோ யாரையோ அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இதைப் பெரிய அதிசயமாகத் தெரு எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் அடித்தது, கண் கூசியது, நிழல் கறுப்பாக விழுந்தது, சூடு மட்டும் இல்லை. முதல் வாரம் எல்லோரும் மின்விசிறியை நிறுத்திவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்கினார்கள், அடுத்த தெருக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, இந்தத் தெருவின் நிழலில் படுத்துவிட்டு, சாயங்காலம் தும்மிக்கொண்டே எழுந்துபோனார்கள். ஐஸ் வண்டிக்காரர் வருவதை நிறுத்தினார், சுக்குக் காபி சைக்கிள்காரர் வரத் தொடங்கினார். ஊட்டிக்குப் போனபோது வாங்கிய குல்லாக்கள் பரணிலிருந்து இறங்கின. எண்ணெயைச் சுரண்டி எடுக்க எல்லா வீட்டிலும் கொண்டை ஊசி பாட்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டது.

தெருமுனையில் மாவு அரைத்து விற்கிற சரளாவுக்குத்தான் முதலில் அடி விழுந்தது. அவள் மாவு பொங்கவில்லை. ஒருநாள் வைத்தாள், இரண்டு நாள் வைத்தாள், அரைத்தபடியே பால் மாதிரி கிடந்தது. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போய் வில்லிவாக்கத்தில் தங்கை வீட்டுச் சமையலறையில், அங்கே தங்கையின் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்த அதே மேடையில் வைத்தாள். இவள் மாவு பொங்கவில்லை. அப்போதுதான் தெரு ஒன்றைப் புரிந்துகொண்டது. இழுக்கப்படுவது தெருவில் இருக்கிற சூடு அல்ல. தெருவைச் சேர்ந்ததன் சூடு, அது எங்கே போனாலும்.

"உன் பாம்பு எங்க சூட்டையெல்லாம் தின்னுது தணிகா," என்றார் எதிர்வீட்டு கவுஸ் பாய். அவர் ஃபைட்டர் மீன் வளர்ப்பவர், ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு மீனையும் தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்து மாடி முழுக்க அடுக்கியிருந்தார்.

"அவ தின்னலை பாய். உள்ள இருக்கறது வாங்கிக்குது."

"ஒரு குட்டிக்கு ஒரு தெரு சூடா? யானை பொறக்கப்போவுதா?"

தணிகாசலம் சிரித்தார், கவுஸ் பாயும் சிரித்தார். மறுநாள் கவுஸ் பாயின் பாட்டில்களில் மீன்களின் மேல் ரவை தூவியது போல வெள்ளைப்புள்ளி விழுந்திருந்தது. குளிர் இறங்கினால் மீனுக்கு வருகிற நோய் அது. கல் உப்புப் போட்டார், ஹீட்டர் போட்டார், ஹீட்டர் ஆறியது. அந்த வாரம் அவர் நானூறு பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

எங்கேயாவது கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று ஆட்டோவில் ஏற்றி, மோனிஷா மடியில் வைத்துக்கொள்ள, செங்குன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். ராசாத்தி செங்குன்றத்தில் இருந்தபோதும் தெருவில் எண்ணெய் உறைந்துதான் கிடந்தது. திரும்பி வந்தார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து பாம்பு பிடிக்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கறதத் தொடமாட்டேன்" என்று சொல்லி டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

மாசமாக இருக்கிறவள் என்று அவர் சொன்ன பிறகுதான் பெண்களுக்கு அது உறைத்தது. சரளா சொன்னாள்: "அவளுக்கு யாருனா வளைகாப்பு போட்டீங்களா? வயித்துப்புள்ளக்காரி. தாய்வீடுன்னு ஒண்ணு இல்லாத பொண்ணு. அதான் இந்தமாரி குளுந்து கெடக்குறா."

"பாம்புக்கு வளையல் எங்கேக்கா போடுவே?" என்றாள் அமுதவல்லி.

"வால் கீதே."

ஞாயிற்றுக்கிழமை காலை வளைகாப்பு நடந்தது. தெருவே தாய்வீடு என்று முடிவாயிற்று. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்தும் ஐந்து வீட்டிலிருந்து வந்தன. தயிர் தோயாததால் தயிர்ச்சோறு மட்டும் வில்லிவாக்கத்துத் தங்கை வீட்டிலிருந்து வந்தது. பெண்கள் பாம்பைக் கண்டு கூசியதால், மோனிஷா சின்ன நாற்காலியில் உட்கார்ந்து ராசாத்தியின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாலை வெளியே நீட்டிக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியாக வந்து, சந்தனம் தொட்டுத் தடவி, பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடி வளையல்களை வாலில் கோர்த்தார்கள். இருபத்தொரு வளையல் கொண்டது. "ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா?" என்று ஒருத்தி கேட்க, "பாம்புப் புள்ள" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெளியே ஆண்கள் வாழையிலையில் சாப்பிட்டார்கள். கவுஸ் பாய் எலுமிச்சைச் சோறு இரண்டு முறை வாங்கினார். வாடகைக்கு வந்து ஒரு வாரமே ஆன கடைசி வீட்டுக்காரருக்குப் பொட்டலம் போயிற்று. ஸ்கேன் எடுக்க வந்த மருத்துவரின் கையில் சரளா ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலைத் திணித்தாள், அவர் நின்றபடியே சாப்பிட்டார். படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்கு ஊட்டிவிட்டார்கள். மோனிஷாவின் தம்பிக்கு மூன்று மாதம். அவன் நாக்கிலும் பொங்கலின் நெய்யை ஒரு சொட்டு வைத்தார்கள்.

கடைசி வளையல் ஏறி, ஆரத்தி சுற்றி, ராசாத்தியைப் பெட்டியில் விட்டு, கையைக் கழுவிக்கொண்டு மோனிஷா வெளியே வந்தபோது சரளா ஐந்தாவது குண்டானைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அடடா, மோனிக்கு எடுத்து வைக்கலியே."

"பரவால்லக்கா. எனக்குப் பசிக்கல."

அன்றிலிருந்து ராசாத்தி அசையும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து வளையல் சத்தம் வந்தது. அது எப்போதாவதுதான் வந்தது.

வளைகாப்புக்குப் பிறகு குளிர் கூடியது. தாய்வீடு என்று சொல்லிவிட்டால் கொடுக்காமல் முடியுமா? காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்தது. தணிகாசலத்தின் மோலிகள் பக்கவாட்டில் நீந்தத் தொடங்கின, பிறகு நீந்தவில்லை. அவர் தினமும் காலையில் வலையோடு மாடிக்குப் போய், வலையைக் கழுவிக்கொண்டு வந்தார். எந்த வீட்டிலும் யாரும் அழவில்லை. வரிசையாகத் தொட்டிகளைக் கவிழ்த்தார்கள், கவிழ்த்த தொட்டிகளின் மேல் துணி உலர்த்தினார்கள், துணி உலரவில்லை.

தம்பியின் உடம்பு ஆற ஆரம்பித்தது அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரியில் நோய் எதுவும் இல்லை என்றார்கள், மார்போடு மார்பாக வைத்திருங்கள் என்றார்கள். அமுதவல்லி ரவிக்கைக்குள் அவனை வைத்துப் போர்த்திக்கொண்டாள், அவள் குளிக்கப்போகும்போது தணிகாசலம் வைத்துக்கொண்டார், அவருக்குக் கை வலித்தபோது மோனிஷா வைத்துக்கொண்டாள். அம்பத்தூரில் மாமா வீட்டுக்கு அவனைக் கொண்டுபோனபோது, வியர்த்துக்கொண்டிருந்த மாமாவின் மடியில் அவன் மட்டும் குளிர்ந்துகொண்டே போனான். திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் மீன் தொட்டிக்கு வைத்த வெப்பமானிகள் நிறைய இருந்தன, அதில் ஒன்றை அக்குளில் வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தைந்து. அடுத்த நாள் முப்பத்து நாலரை. அவன் முன்போல அழவில்லை, வாயைத் திறந்துவிட்டு மறந்துவிட்டான்.

மோனிஷா காலையில் பெட்டிக்குள் கையை விட்டு அந்த இடத்தைத் தொடுவாள், பிறகு அதே கையால் தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கையிலிருந்து சூடு தம்பிக்குப் போகும் என்று நினைத்தாள். பாதம் அப்படியேதான் இருந்தது.

இருபதாம் நாள் மத்தியானம் கவுஸ் பாய் வீட்டு மொட்டைமாடியில், கழுவிக் கவிழ்த்த பாட்டில்களுக்கு நடுவில், சூடில்லாத வெயிலில் தெரு கூடியது. மருத்துவரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் எத்தினி நாள் டாக்டர்?" என்றார் கவுஸ் பாய்.

"பத்தொம்பது."

"அதுவரைக்கும் இந்தக் கொழந்த?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாங்காது."

"பாம்புக்குள்ள இருக்கறது நின்னுட்டா?"

"அது நின்னா இவ இழுக்கறத நிறுத்திடுவா. அப்படித்தான் நெனைக்கிறேன். நிச்சயமாச் சொல்லத் தெரியலை, இந்த மாதிரி நான் பார்த்தது இல்லை."

"எப்படி நிக்கும்?"

"ரெண்டு டிகிரி குறைஞ்சா போதும். ஒரு வாளி பச்சத்தண்ணி."

தணிகாசலம் எழுந்து போய் மாடிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"நீங்க ஊசி போட்டுடக்கூடாதா டாக்டர்?" என்றாள் சரளா.

"குளிர்ந்த உடம்புல மருந்து போட்ட எடத்துலயே நிக்கும்." மருத்துவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதுவும் இல்லாம நான் அந்தப் பொங்கலச் சாப்ட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தியின் வளைகாப்புச் சோற்றைத் தின்றவர்கள் அவளுடைய தாய்வீட்டார். தாய்வீட்டார் கை அவள் வயிற்றுக்கு எதிராக நீளாது. தொட்டித் தெருவில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. எலுமிச்சைச் சோறு தின்ற கவுஸ் பாய்க்கும் அது தெரிந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பதிலாகச் சர்ச்சுக்குப் போகிற மருத்துவருக்கும் தெரிந்திருந்தது. வெளியாள் யாரையாவது கூப்பிடலாம் என்றார் ஒருவர். வெளியாள் ஏற்கெனவே வந்து டீ குடித்துவிட்டுப் போய்விட்டார், இனி வருகிறவரும் மாசமாக இருக்கிறவளைத் தொடமாட்டார்.

"கடைசி வீட்டுக்காரர்?"

"பொட்டலம் வந்துச்சிங்க. சாப்ட்டோம்."

ஒவ்வொரு வீடாகச் சொல்லிப் பார்த்தார்கள். நாங்க தேங்காய்ச் சோறு. நாங்க எல்லாமே. எங்க வீட்ல கெடையில கீறவங்களுக்குக்கூட ஊட்டிவுட்டோம். இருபத்தெட்டு வீடும் முடிந்தபோது சரளாவின் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. ஆனால் பக்கத்திலிருந்தவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுக்கா."

"மோனிக்கு எடுத்து வைக்கல," என்றாள் சரளா. "அவதான் பாம்பப் புடிச்சிக்கினு உள்ள குந்தினு இருந்தா."

மாடியில் எல்லோரும் பாட்டில்களைப் பார்த்தார்கள்.

"அவ சின்னப்புள்ள," என்றார் தணிகாசலம், திரும்பாமலே. "நான் ஊத்தறேன். மொத தடவையும் நாந்தான் ஊத்தினேன்."

அவர் கீழே இறங்கிப் போனார். போர்க்குழாயில் வாளியை நிறைத்து முன்னறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியின் கதவைத் திறந்து, குவளையில் தண்ணீர் மொண்டு கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே வளையல் ஒருமுறை சத்தம் போட்டது. அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு குவளையில் இருந்த தண்ணீரைத் திரும்ப வாளியிலேயே ஊற்றிவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினார், செருப்பு காலில்தான் இருந்தது.

மோனிஷா தம்பியை மார்பில் கட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அமுதவல்லி அவளிடமிருந்து அவனை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மொட்டைமாடியில் பேசியதை அவள் மறைக்காமல் சொன்னாள். சரளா எதைச் சொன்னாள், மருத்துவர் எதைச் சொன்னார், எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று எல்லாவற்றையும், கணக்குப்பாடம் சொல்லிக்கொடுப்பது போல வரிசையாகச் சொன்னாள்.

"நீ வேணாம்னா வேணாம் கண்ணு. ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தம்பிக்கு எவ்ளோ இருக்கு?"

அமுதவல்லி வெப்பமானியை எடுத்துக் காட்டினாள். முப்பத்து நாலுக்கும் கீழே இருந்தது.

"சூடு திரும்பி வந்துடுமா?"

"டாக்டர் வரும்னு நெனைக்கிறாங்க."

"ராசாத்தி?"

அமுதவல்லி தம்பியின் தலையை முந்தானையால் மூடினாள்.

"அது நேத்து ரெண்டு தடவ தள்ளுச்சும்மா," என்றாள் மோனிஷா. "முன்னெல்லாம் ஒரு தடவதான் தள்ளும்."

தெருக்காரர்கள் எல்லோரும் வாசலில் இருந்தார்கள், உள்ளே யாரும் வரவில்லை, ஜன்னல் வழியாகவும் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் நல்லவர்கள். கவுஸ் பாய் தன் சால்வையை எடுத்துத் தணிகாசலத்தின் தோளில் போட்டார். சரளா வாசற்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் தன் ஸ்கூட்டரின் மேல் சாய்ந்து, ஓட்டிக்கொண்டு போகலாமா கூடாதா என்று தெரியாதவர் போல நின்றார். வெயில் எல்லோர் மேலும் அடித்தது.

மோனிஷா முன்னறைக்குப் போனாள். வாளி அப்பா வைத்த இடத்தில் இருந்தது, குவளை அதன் மேல் மிதந்தது. ராசாத்தி பெட்டியின் ஓரத்தில், எரிந்தும் சுடாத பல்புக்கு நேர் கீழே, வயிற்றைப் பாதி மேலே திருப்பிப் படுத்திருந்தாள். மோனிஷாவைப் பார்த்ததும் தலையைத் தூக்கி, நாக்கை ஒருமுறை நீட்டி, அவள் மணிக்கட்டில் மோவாயை வைத்துக்கொண்டாள். வாலில் வளையல்கள் ஒன்றோடு ஒன்று மோதின.

மோனிஷா அந்தத் தலையை எடுத்துப் பெட்டியின் தரையில் மெதுவாக வைத்தாள். இடது கையை அந்தச் சூடான இடத்தில் வைத்தாள். உள்ளேயிருந்து அது தள்ளியது. வலது கையால் குவளையில் மொண்டு ஊற்றினாள். அப்பா ஊற்றுவது போலவே மெதுவாகத்தான் ஊற்றினாள். வாளியில் பதினொரு குவளைத் தண்ணீர் இருந்தது. தண்ணீர் தீரும் வரை இடது கையை எடுக்கவில்லை.